புங்க மரத்தடிக்கு ஒரு கோடு

அந்தச் சனிக்கிழமைக் காலையில் எங்கள் ஊர்ப் பள்ளிக்கூடத்தை ஒட்டி ஏழு மூங்கில் கழிகள் வரிசையாக நின்றன. ஒவ்வொன்றின் உச்சியிலும் ஒரு சிவப்பு நூல் கற்றை காற்றில் ஆடியது. சுற்றிலும் ஊரே கூடி நின்றது. ஒருவரும் கழியைத் தொடவில்லை. தொட்டால் போலீஸ் வரும் என்று யாரோ சொல்லிவிட்டார்கள்.

நான் பள்ளிக்கூடத்துக் குட்டைச் சுவருக்குப் பின்னால் குந்தியிருந்தேன். ஐந்தாம் வகுப்பு. வாயில் பாவாடை நுனி. அந்த ஏழு கழிகளையும் நட்டவள் நான்தான்.

இந்த வயதில் என்ன நினைவுக் குறிப்பு என்று போன வாரம் ஒரு வாசகர் கேட்டு எழுதியிருக்கிறார். இருபது வயதுக்காரிக்கு நினைத்துப் பார்க்க என்ன இருக்கிறது என்கிறார். ஐயா, எனக்குப் பொறுமை கிடையாது. அறுபது வயது வரை காத்திருந்தால் பாதி மறந்துபோகும். மறந்த பாதியை நானே இட்டுக்கட்டி நிரப்பிவிடுவேன், என்னை எனக்குத் தெரியும். இப்போதே சொல்லிவிடுவது உங்களுக்கும் நல்லது.

ஒரு கூடம், இரண்டு கரும்பலகை

எங்கள் ஊர் நகரிக்குக் கிழக்கே, நாகலாபுரம் போகிற பாதையில் இருக்கிறது. இரண்டே தெரு. ஒன்று நெசவுக்காரத் தெரு, நாங்கள் தமிழ். இன்னொன்று குடியானவர் தெரு, அவர்கள் தெலுங்கு. நடுவில் வண்டிப் பாதை. அந்தப் பாதையோரம் பள்ளிக்கூடம்.

பள்ளிக்கூடம் என்றால் நீளமான ஒரே கூடம். இந்தக் கோடியில் தமிழ்ப் பலகை, அந்தக் கோடியில் தெலுங்குப் பலகை. இங்கே நாங்கள் "ஈரெண்டு நாலு" என்று கத்தினால் அங்கே "ரெண்டு ரெள்ளு நாலுகு" என்று கத்துவார்கள். விடை ஒன்றாக இருந்ததால் ஒரு குழப்பமும் வந்ததில்லை. தெலுங்குப் பக்கத்து ரங்கம்மாவுக்குத் தமிழ் வாய்ப்பாடு முழுக்கத் தெரியும். எனக்கு அவளுடையது தெரியும்.

கூடத்துக்குப் பின்னால் வெளி. காலை வைத்தால் நெருஞ்சி, விழுந்தால் கல். அதில் பையன்கள் சடுகுடு ஆடுவார்கள். பெண்கள் சுவரோரம் கைகோத்து நின்று பார்ப்போம். வெளியின் ஒரு மூலையில் ஒரு புங்க மரமும், அதன் கீழே நல்ல நிழலும் உண்டு. அந்த நிழலிலும் பையன்கள்தான் வியர்வை ஆற்றுவார்கள்.

மொட்டைத் தலையும் இரும்புச் சங்கிலியும்

இங்கே கொஞ்சம் பின்னால் போக வேண்டும். மூன்றாம் வகுப்பில் இருந்தபோது எனக்கு அம்மை வார்த்து இறங்கியது. வேண்டுதலுக்காகத் திருப்பதிக்கு அழைத்துப் போய் முடி இறக்கினார்கள். மலை இறங்கி, சந்தனம் பூசிய தலையோடு ரயிலுக்கு நடந்து வந்தோம். வழியில் ஒரு பள்ளிக்கூடம். கம்பி வேலிக்குள்ளே இரும்புச் சங்கிலி போட்ட ஊஞ்சல். ஒரு பெண் ஆடிக்கொண்டிருந்தாள். பையன்கள் ஒருவரும் இல்லை. வரிசையாகப் பெண்கள் முறைக்குக் காத்து நின்றார்கள்.

நான் வேலியைப் பிடித்துக்கொண்டு நின்றுவிட்டேன். சங்கிலி கிறீச் கிறீச் என்றது. அந்தப் பெண் மேலே போகும்போது பாவாடை குடையாக விரிந்தது. நைனா, என் அப்பா, கையைப் பிடித்து இழுத்தார். தலையில் வெயில் சுரீர் என்று ஏறியது. அன்று கேட்ட அந்தச் சத்தம் ஊர் வந்தும் காதை விட்டுப் போகவில்லை.

(நான் இப்போது ஆசிரியப் பயிற்சிக்காக அதே திருப்பதியில் தங்கியிருக்கிறேன். அந்தப் பள்ளிக்கூடத்தைத் தேடினேன். கண்டுபிடிக்க முடியவில்லை.)

பெத்த ஐவாருவின் நிபந்தனை

ஒரு நாள் மூன்றாம் வகுப்புப் பையன் ஒருவன் சடுகுடுவில் விழுந்து தாடையைக் கிழித்துக்கொண்டான். தலைமையாசிரியர், எங்கள் ஊர்ப் பேச்சில் பெத்த ஐவாரு, விளையாட்டையே நிறுத்திவிட்டார். நல்ல மனிதர். தெலுங்குக்காரர். தமிழை எங்களைவிட வேகமாகப் பேசுவார், ஆனால் கோபம் வந்தால் தெலுங்கு.

ஐந்தாம் வகுப்புக்கு இரண்டு பக்கத்தையும் ஒன்றாக உட்கார வைத்துச் சொன்னார்: "வெளியைச் சரி பண்ணணும்னா நீங்களே பண்ணுங்க. கல்லு பொறுக்கணும், மேடு தட்டணும், மணல் கொட்டணும். என்ன எங்க வரும்னு ஒரே திட்டமா கொண்டாங்க. ஆளுக்கொண்ணு கொண்டாந்தா கிழிச்சிப் போடுவேன். சனிக்கிழமை நான் வரப்போ தரையில கோடு இருக்கணும். கோட்டுல வந்ததுதான் உண்டு. வராதது கிடையாது."

பையன்களுக்குத் தலைவன் முனுசாமி. எங்கள் தெருதான். பென்சிலை எச்சில் தொட்டு அவன் போட்ட திட்டத்தில் சடுகுடுவுக்குக் கட்டம், தாண்டுவதற்கு மணல் குழி, ஓட்டத்துக்கு நீளப் பாதை. அந்தப் பாதை நடுவில் இருந்த மேட்டைச் சுற்றி வளைந்து, நேராகப் புங்க மரத்தடியில் போய் முடிந்தது.

"எங்களுக்கு இன்னாடா?" என்றேன்.

"சுவரு இருக்குதே!"

"ஊஞ்சல் வேணும். புங்க மரத்தாண்ட."

"எடம் எங்கமே இருக்குது? நான் காலால அளந்துட்டேன். ஓட்டத்துக்கே பத்தல. ஊஞ்சலை உன் தலைமேல நட்டுக்கோ."

ரங்கம்மா என் காதில் சொன்னாள்: "வாடு வங்கர டிங்கரகா கொலிச்சினாடே." கோணல் மாணலாக அளந்திருக்கிறான் என்கிறாள். எனக்கும் அதுதான் தோன்றியது. மேட்டைச் சுற்றாமல், தட்டிவிட்டுச் சுவரோரமாகப் பாதையை நேரே விட்டால் புங்க மரத்தடி முழுக்க மிச்சம். ஆனால் அதைத் தரையில் காட்ட வேண்டும். சனிக்கிழமைக்குள் கோடு விழாவிட்டால் ஊஞ்சல் கிடையாது. அவ்வளவுதான் விஷயம்.

பாவுக்காரர் பெண்ணுக்குக் கோடு தெரியாதா

நெசவுத் தெருவில் பிறந்தவளுக்கு நேர்கோடு சொல்லித்தர வேண்டியதில்லை. விடிந்தால் எங்கள் தெருவில் பாவு விரியும். தறியில் நீளவாட்டில் ஓடுகிற நூல்தான் பாவு. அதைத் தெரு நீளத்துக்கு இழுத்துக் கட்டி, கஞ்சி தோய்த்து, பெரிய பிரஷ்ஷால் நீவுவார்கள். நீவிக்கொண்டே இருக்க வேண்டும். நின்றால் கஞ்சி காய்ந்து இழையோடு இழை ஒட்டிக்கொள்ளும். வீட்டுக்கு ஒருவராக வந்து ஒருவர் பாவுக்கு மற்றவர் கை கொடுப்பார்கள். தெருவே கஞ்சியும் கடலை எண்ணெயும் மணக்கும்.

பாவு கட்டுகிற முளைகள் இம்மி பிசகாமல் நேராக இருக்கும். ஒருவர் ஒரு கோடியில் ஒற்றைக் கண்ணை மூடிக்கொண்டு நிற்பார். "இந்தாண்ட... இன்னும்... நில்லு!" என்று கை காட்டுவார். அந்த முளை வரிசையை அப்படியே நீட்டினால் பள்ளிக்கூடத்துச் சுவரை ஒட்டிப் போகும். இதைக் கண்டுபிடித்த ராத்திரி எனக்குச் சோறு இறங்கவில்லை.

ஆனால் நீளக் கோட்டுக்குத் தூரத்தில் ஒரு குறி வேண்டுமே. முந்தின வாரம்தான் பக்கத்து ஊர் ஏரிக்கரையில் சர்வே ஆட்கள் வந்திருந்தார்கள். நான் ஓடிப்போய் வேடிக்கை பார்த்தேன். கழி நட்டு, சிவப்புத் துணி கட்டி, ஒரு கழிக்குப் பின்னால் இன்னொரு கழி மறைகிறதா என்று பார்த்தார்கள். எங்கள் பாவு வேலையேதான்! கொடிதான் புதிது.

சனிக்கிழமை விடிந்தும் விடியாமல் ரங்கம்மாவும் நானும் கிளம்பினோம். அன்றைக்குத் தெருவில் எங்கள் வீட்டுப் பாவு. நைனாவும் மற்றவர்களும் கஞ்சி வாளியோடு நின்றதால் எங்களை ஒருவரும் கவனிக்கவில்லை. கடைசி முளைக்குப் பக்கத்தில் முதல் கழி. வண்டிப் பாதையில் ஒன்று. பள்ளிக்கூடத்து வெளியில் நாலு. ஏழாவதைத் தூரக் குறியாகக் குடியானவர் தெரு முனையில், வைக்கோல் போருக்குப் பக்கத்தில் ரங்கம்மா பிடித்துக்கொள்ள நட்டேன். சிவப்புத் துணி கிடைக்கவில்லை. சிவப்புச் சாயம் போட்ட கழிவு நூலைக் கட்டினேன்.

ஒற்றைக் கண்ணை மூடிப் பார்த்தேன். ஏழும் ஒன்றாகிவிட்டன. புங்க மரத்தடி பூராவும் கோட்டுக்கு வெளியே, காலியாக, எங்களுக்காகக் கிடந்தது. குதித்தேன்.

மாடு மெட்ராசு, ஆள் ஆந்திரா

நான் குதித்த காலம் எது என்பதைச் சொல்ல மறந்துவிட்டேன் பாருங்கள். ஆந்திரா தனியாகப் பிரிந்து சில வருஷம் ஆகியிருந்தது. எந்த ஊர் அந்தப் பக்கம், எந்த ஊர் இந்தப் பக்கம் என்று மேலே பேசிக்கொண்டிருந்தார்கள். திருத்தணி போகிறது என்பார்கள், நகரியும் போகிறது என்பார்கள், மறுநாள் இரண்டும் இல்லை என்பார்கள். எல்லை எங்கே விழும் என்பதைத் தவிர டீக்கடையில் வேறு பேச்சே இல்லை. அப்படிப்பட்ட ஊரில், தமிழ்த் தெருவுக்கும் தெலுங்குத் தெருவுக்கும் நடுவே, நான் சிவப்புக் கொடி கட்டி நேர்கோடு ஒன்று போட்டுவிட்டேன்.

முதலில் பார்த்தவர் பால்கார நாகய்யா. அவர் வீடு வண்டிப் பாதைக்கு அந்தப் பக்கம், மாட்டுக் கொட்டகை இந்தப் பக்கம். பால் செம்பை அப்படியே வைத்துவிட்டுக் கத்தினார்.

"கோடு போட்டுட்டாங்கடோய்! ராத்திரியோட ராத்திரியா வந்து நட்டுட்டுப் பூட்டாங்க!"

பாவு நீவிக்கொண்டிருந்தவர்கள் பிரஷ்ஷைப் போட்டுவிட்டு ஓடினார்கள். அந்தத் தெருவிலிருந்தும் ஓடி வந்தார்கள். நானும் ரங்கம்மாவும் சுவருக்குப் பின்னால் பாய்ந்தோம். முனுசாமி அங்கே ஏற்கெனவே பதுங்கியிருந்தான். எங்கள் கோட்டைக் கலைப்பதற்காக வந்தவன்.

"என் மாடு மெட்ராசு, நான் ஆந்திராவா?" நாகய்யா கழியைச் சுற்றிச் சுற்றி வந்தார். "பால் கறக்கறதுக்குச் சீட்டு வாங்கிக்கினு போணுமா நானு?"

"உனுக்காவது மாடு. எனக்கு என் மாமியா வூடே அந்தாண்ட பூட்ச்சி," என்றாள் ஒரு பெண். கொஞ்சம் யோசித்தாள். "சரி, அது இருக்கட்டும். யாரும் புடுங்காதீங்க."

சிரிப்பு எழுந்து உடனே அடங்கியது. யாரோ ஒருவர், உங்கள் ஆட்கள்தான் மனு எழுதிப் போட்டு சர்வேக்காரர்களை வரவழைத்தது என்றார். யாருடைய ஆட்கள் என்று நைனா கேட்டார். முந்தின நாள் வரை ஒன்றாக வேர்க்கடலை உரித்தவர்கள் கோட்டுக்கு அந்தப் பக்கமும் இந்தப் பக்கமுமாகப் பிரிந்து நின்றார்கள். அதைப் பார்த்துத்தான் பாவாடை நுனியை வாயில் திணித்துக்கொண்டேன்.

பெத்த ஐவாரு சைக்கிளில் வந்தார். கழிகளைப் பார்த்தார். துண்டால் முகத்தைத் துடைத்தார். "ஓரி தேவுடா, பள்ளிக்கூடத்துக்குள்ளயேவா?" என்றார். அவரும் நம்பிவிட்டார்!

அப்போது நைனா கழிக்குக் கிட்டே போனார். நூலைத் தொடவில்லை. முடிச்சை உற்றுப் பார்த்தார். அறுந்த இழையை இணைக்க நெசவாளர் போடுகிற முடிச்சு அது. சர்வே ஆட்களுக்கு வராது. அவர் தலை மெல்லத் திரும்பிக் கூட்டத்தில் தேட ஆரம்பித்தது.

"எழுந்துக்காதடி," என்றான் முனுசாமி. "கொன்னுடுவாங்க."

எழுந்துகொண்டேன். "ஐவாரே, அது நான் நட்டது. எல்லை இல்ல. ஓட்டத்துக்குக் கோடு. இந்தாண்ட ஓட்டம், அந்தாண்ட ஊஞ்சல்."

முதலில் நாகய்யாதான் சிரித்தார், விழுந்து விழுந்து, பால் செம்பைத் தட்டிவிடுகிற அளவுக்கு. மற்றவர்களும் சிரித்தார்கள். நைனா சிரிக்கவில்லை. அவருக்குப் பாவு ஞாபகம் வந்துவிட்டது. ஓடினார்.

ஒட்டிய இழைகள்

வெயில் ஏறியிருந்தது. பாவு பலகை மாதிரி விறைத்துத் தொங்கியது. நைனா விரலால் தட்டினார். டக் டக் என்றது. இரண்டு புடவைக்கான பாவு.

அடிப்பார் என்று நினைத்தேன். அடிக்கவில்லை. "ஒட்டினதை நீதான் பிரிக்கணும்," என்றார். "ஒவ்வொரு இழையா. முடியற வரைக்கும் அந்த வெளிப்பக்கம் உன் காலு போகக் கூடாது."

பெத்த ஐவாரு கழிகளை எல்லாம் பிடுங்கச் சொன்னார். "கொடி வேணாம், கயிறு வேணாம். இந்த ஊர்ல இனிமே எவனும் நேர்கோடே போடக் கூடாது! பசங்களா, உங்களுக்குத் தெரிஞ்ச மாதிரி காலால அளந்து பண்ணிக்கோங்க."

அதாவது முனுசாமியின் கால். முனுசாமியின் வளைவு. புங்க மரத்தடி போயிற்று.

தெருவோரம் உட்கார்ந்து ஈரத் துணியால் நனைத்து, எண்ணெய் தொட்டு, ஒவ்வோர் இழையாகப் பிரித்தேன். நகக்கண் எரிந்தது. தூரத்தில் கூடைக் கல் கொட்டுகிற சத்தம் கேட்கும். ஒவ்வொரு சத்தத்துக்கும் ஓர் இழை அறுத்தேன்.

மறுநாள் சாயங்காலம் ரங்கம்மா வந்தாள். கூட அவள் தெருப் பெண்கள் நாலு பேர். குடியானவர் வீட்டுப் பெண்கள் எங்கள் தெருவில் உட்கார்ந்து பாவில் கை வைத்ததை அதற்கு முன்னால் யாரும் பார்த்ததில்லை. "மா அம்ம திடுதுந்தி," வீட்டில் திட்டுவார்கள் என்று சொல்லிக்கொண்டே உட்கார்ந்தாள். களை பிடுங்கிப் பழகிய கை. முதலில் நிறைய அறுத்தாள். நைனா தறியிலிருந்து எட்டிப் பார்த்தார்.

"அப்படி இழுக்காத தாயி. தூங்கறவனை எழுப்பற மாதிரி மெதுவா," என்றார். மறுபடி தறிக்குத் திரும்பினார்.

"புங்க மரத்தாண்ட இன்னா பண்றானுங்க?" என்று தினமும் ரங்கம்மாவைக் கேட்பேன்.

"மேடு தட்டறாங்க. ஆத்து மணல் கொண்டாராங்க. மரத்தாண்ட என்னமோ தோண்டறாங்க. எங்களைக் கிட்ட விடலை."

தோண்டுகிறார்கள் என்றால் தாண்டுகிற குழிதான். நிழலில் தாண்டப் போகிறார்கள். அழுதேன், ஆனால் இழையை விடவில்லை.

பிடுங்க முடியாதது

கடைசி இழை பிரிந்ததும் ஓடினேன். நாங்கள் ஆறு பேரும் ஓடினோம்.

வெளியில் ஒரு கல் இல்லை. மேடு இல்லை. மணல் குழி வெயிலில் பளபளத்தது. ஓட்டப் பாதை இரண்டு பக்கமும் கல் பதித்து, சுவரோரமாக நேராகப் போனது. வளைவே இல்லை. என் கோடு.

முனுசாமி மண்வெட்டியோடு நின்றான். உடம்பெல்லாம் புழுதி.

"காலால அளக்கச் சொன்னாரே ஐவாரு," என்றேன்.

"அளந்தோம். கொடியைத்தான புடுங்கினாங்க? குழியைப் புடுங்கலையே. ஒவ்வொரு குழியா கால் வெச்சிக்கினே போனோம்." வேறு பக்கம் பார்த்துக்கொண்டு சொன்னான்: "என் திட்டத்துல ஓடிப் பார்த்தேன். புங்க மரத்துல மண்டை மோதிக்கிச்சி."

நெற்றியில் நெல்லிக்காய் அளவுக்கு வீங்கியிருந்தது.

மரத்தடியில் இரண்டு குழிகள் தோண்டியிருந்தார்கள். பனங்கட்டை இரண்டு பக்கத்தில் கிடந்தது. கிணற்றில் மாடு கட்டி இறைக்கிற பழைய வடத்தைச் சுருட்டித் தோளில் போட்டுக்கொண்டு ரங்கம்மாவின் அண்ணன் நின்றான்.

"எவ்ளோ ஆழம் தோண்டறதுன்னு தெரியல," என்றான் முனுசாமி. "வந்து சொல்லித் தொலை."

அது கிறீச் என்று சத்தம் போடுகிற ஊஞ்சல் இல்லை. வடம் தொடையைக் கிழிக்கும். பலகை ஒரு பக்கம் சாயும். ஆனால் சுவரோரம் நின்ற பெண்கள் அன்று முதல் வரிசையில் நின்றார்கள். ஒரு தமிழ், ஒரு தெலுங்கு என்று மாற்றி மாற்றி நிற்க வேண்டும் என்று ரங்கம்மா சட்டம் போட்டாள். நூறு எண்ணி முடித்ததும் இறங்க வேண்டும். எந்தப் பாஷையில் எண்ணுவது என்பது எண்ணுகிறவள் இஷ்டம். தெலுங்கில் எண்ணினால் இன்னும் கொஞ்ச நேரம் ஆடலாம் என்று எங்களுக்குள் ஒரு நம்பிக்கை.

நிஜமான கோடு பிறகு ஒரு நாள் விழுந்தது. திருத்தணி மெட்ராசுப் பக்கம் போயிற்று, நாங்கள் ஆந்திராப் பக்கம் நின்றோம். பஞ்சாயத்து ரேடியோவில் சொல்கிறார்கள் என்று ஊரே ஓடியது. பெத்த ஐவாரு வாசலில் நின்று எங்களையும் கூப்பிட்டார். "வாங்க பிள்ளைங்களா, வந்து கேளுங்க, நாம எங்க இருக்கோம்னு சொல்றாங்க!"

ரங்கம்மா ஊஞ்சலில் இருந்தாள். தொண்ணூற்று ஆறு, தொண்ணூற்று ஏழு என்று எண்ணிக்கொண்டிருந்தேன். அடுத்தது என் முறை. நான் போகவில்லை.